சீட்டுப் பெட்டியின் மூடி

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனிதன் அன்றாடம் கையாளும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. வெற்றிலைச் செல்லம், மைக்கூடு, எழுதுபெட்டி, செபமாலைச் சிமிழ் போன்ற ஒவ்வொன்றும் தன்னைச் செய்த கைகளையும் வைத்திருந்த வீட்டையும் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வரிசையில் சீட்டுக்கட்டை வைக்கும் பெட்டியையும் சேர்க்கலாம்.

சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நம் இல்லத் தாய்மார் முகம் சுளிப்பர். அந்தச் சுளிப்பில் நியாயம் உண்டு. வள்ளுவப் பெருந்தகை சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்து வைத்தார். ஆயினும் சிந்திக்கத்தக்க கேள்வி ஒன்று எஞ்சுகிறது. வெறும் பொழுதுபோக்குப் பொருளாகிய சீட்டுக்கட்டுக்கு அரக்கும் சந்தனமும் தந்தமும் கொண்டு பெட்டி செய்தார்களே, அந்தப் பெட்டிக்கு மூடியும் வைத்தார்களே, அது வெறும் அலங்காரத்திற்காக மட்டுமா? நம் கடலூர்க் கடற்கரையிலிருந்தே இக்கேள்வியைத் தொடர்வோம்.

கப்பலில் வந்த சொற்கள்

சோழமண்டலக் கரையில் கடலூரைப் போலப் பல கொடிகளைக் கண்ட ஊர்கள் சிலவே. பரங்கிப்பேட்டை என்ற பெயரிலேயே பரங்கியர் இருக்கின்றனர். போர்த்துக்கீசியர் அவ்வூரைப் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதிய துறைமுகம் என்றழைத்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்யத் தொடங்கிவிட்டனர். ஆங்கிலேயர் அவர்களுக்குப் பின்னர் வந்தவர்கள். இவர்கள் துணியும் நீலமும் வாங்க வந்தார்கள். போகும்போது சில பழக்கங்களையும் சொற்களையும் விட்டுச் சென்றார்கள்.

நம் மக்கள் சீட்டின் நான்கு வகைகளை ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடு என்று வழங்குகின்றனர். இவற்றுள் ‘கிளாவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வகைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘கிளப்’ என்பது. மூவிலைப் புல்லைக் குறிக்கும் ‘கிளாவர்’ டச்சுக்காரரின் சொல். ‘ஆட்டின்’ என்பதும் அவர்களுடைய ‘ஹார்ட்டன்’ என்பதன் திரிபாகவே தோன்றுகிறது. 1796 வரை டச்சுக்காரரின் ஆதிக்கத்தில் இருந்த இலங்கைக் கரையோரத்திலோ நான்கு வகைகளுக்கும் சிங்களத்தில் டச்சுப் பெயர்களே நிலைத்துவிட்டன. தமிழர் ஆடும் முந்நூற்று நாலு என்னும் ஆட்டத்தில் ராஜாவையும் ராணியையும் ஜாக்கி வென்றுவிடுவான். அவனுக்கு அடுத்த இடம் ஒன்பதுக்கு. நெதர்லாந்தில் தோன்றிய ஆட்டக் குடும்பம் ஒன்றிலும் இதே வரிசை உண்டு என்பதால், இரண்டுக்கும் உறவு இருக்கக்கூடும் என்று விளையாட்டு வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். கோட்டை இடிந்து, கொடி இறங்கி, கப்பலும் மறைந்த பின்னும் சொல் நம் நாவில் தங்கிவிட்டது. மொழியும் ஒரு பெட்டியே எனலாம்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டை

1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே விழுகிறதோ அதுவரையுள்ள நிலமெல்லாம் வாங்கியவருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். அவ்வாறே நாற்புறமும் சுட்டார்கள். கடலூர் நகரும் சுற்றியிருந்த சிற்றூர்களும் கும்பெனியின் கைக்குச் சென்றன. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரும் ஏற்பட்டது. மண்ணில் உழுதுகொண்டிருந்த ஏழைக் குடியானவர் யாருடைய ஆட்சியின்கீழ் வாழ்வது என்பதை ஓர் இரும்புக் குண்டு விழுந்த இடம் முடிவு செய்தது. பகடை உருட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

1746இல் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது, அங்கே எழுத்தராக இருந்த இராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பித் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 21 வயது. அன்று முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் நம் கடலூரே. அக்காலத்தில் அங்கே நடந்ததாக ஒரு நிகழ்ச்சியை 1836இல் வெளியான மால்கமின் கிளைவ் வரலாறு கூறுகிறது. சீட்டாட்டத்தில் இரண்டு அதிகாரிகள் பெருந்தொகை வென்றனர். அவர்கள் ஏமாற்றி வென்றதாகக் கிளைவ் வெளிப்படையாகக் குற்றம்சாட்டிப் பணம் தர மறுத்தார். மற்றவர்கள் மிரட்டலுக்கு அஞ்சிப் பணத்தைக் கொடுத்துவிட்டனர். கிளைவோ துப்பாக்கிச் சண்டைக்கு நின்றார். அவர் சுட்ட குண்டு தவறியது. எதிரி நெருங்கி வந்து அவர் தலையில் துப்பாக்கியை வைத்து, உயிர்ப்பிச்சை கேட்கச் சொன்னார். அதைக் கேட்ட கிளைவ், ஏமாற்றியதாகச் சொன்னதைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தியபோது மட்டும் இணங்கவில்லை. சுடுவதானால் சுடலாம், சொன்னது சொன்னதுதான் என்று நின்றார். எதிரி துப்பாக்கியை எறிந்துவிட்டு அகன்றார்.

இதைக் கிளைவின் துணிவுக்குச் சான்றாகவே நூலாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். பிற்காலத்தில் வங்காளத்தில் அவர் ஆடிய பெரிய ஆட்டங்களை அறிந்த நாம் அவ்வளவு எளிதாக வியந்துவிட முடியாது. நம் கவனத்திற்குரியது வேறொன்று. தாய்நாட்டை விட்டுப் பல்லாயிரம் கல் தொலைவு வந்த இளைஞர்கள், கப்பல் வராத மாதங்களில் செய்ய வேலையின்றி, இரவு முழுவதும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். எழுந்திருங்கள் என்று சொல்ல அவர்களுக்குத் தாயோ மனைவியோ பங்குக் குருவோ அருகில் இல்லை. சூதாட்ட வெறி பெருகியதைக் கண்டித்து இலண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர்கள் எழுதிய கடிதங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துகொண்டிருந்தன. கடிதம் வந்து சேர ஆறு மாதம் ஆகும்; சீட்டுக் கலைக்க ஒரு நொடி போதும்.

1749இல் சிதம்பரத்திற்கு அருகே கொள்ளிட முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையைத் தாக்கச் சென்ற படையில் கிளைவ் முன்னணியில் நின்றார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று கெடிலத்தின் கரையில் எஞ்சியிருப்பது இடிபாடே.

காற்றும் கரையானும்

அந்நாளைய ஆங்கிலச் சீட்டுக்கட்டு, இன்று கடையில் கிடைப்பதுபோல அட்டைப் பெட்டியில் வரவில்லை. அச்சிட்ட தாளில் சுற்றி விற்றார்கள். 1711இல் அரசி ஆன் காலத்தில் கட்டு ஒன்றுக்கு ஆறு பென்சு வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் பின்னர் இஸ்பேடு ஏஸில் முத்திரை இட்டனர். மற்ற மூன்று ஏஸ்களும் எளியனவாக இருக்க, இஸ்பேடு ஏஸ் மட்டும் இன்றும் பெரிதாகவும் அலங்காரமாகவும் விளங்குவது அந்த வரியின் எச்சமே. சுற்றிய தாளைக் கிழித்துவிட்டால் 52 சீட்டுகளுக்கும் காப்பு இல்லை.

நம் கரையின் தட்பவெப்பம் தாளுக்கும் ஓலைக்கும் பகை. ஐப்பசி, கார்த்திகையில் உப்புக் காற்றும் அடைமழையும் தாளை நெளியச் செய்யும். எஞ்சியதை இராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். தில்லைக் கோயிலில் பூட்டிய அறையொன்றில் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னரும் திறந்து பார்த்தபோது, கரையான் அரித்தது போக எஞ்சியவையே கிடைத்தன என்பது சைவ மரபு. பூட்டு மட்டும் போதாது என்பதற்குச் சிதம்பரம் நமக்குத் தரும் பாடம் இது. அதனால்தான் நம் முன்னோர் ஏட்டுக்கட்டை இருபுறமும் மரச்சட்டம் வைத்து இறுகக் கட்டினர். அவ்வப்போது எடுத்துப் பிரித்து எண்ணெயிட்டனர். பாதுகாப்பதென்றால் மூடி வைப்பதோடு, வேளை வரும்போது எடுத்துப் பார்ப்பதும் சேர்ந்ததே.

ஆங்கிலேயரின் இத்தேவையை நிறைவு செய்தவர்கள் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள். 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் சந்தன மரத்தாலும் கருங்காலியாலும் பெட்டி செய்து, மேலே யானைத் தந்தத் தகடு பதித்து, அதில் கீறிய கோடுகளில் கறுப்பு அரக்கை நிரப்பினர். பூங்கொடி கறுப்பும் வெள்ளையுமாய்த் தெளிந்து நிற்கும். தையற்பெட்டி, எழுதுபெட்டி ஆகியவற்றோடு சீட்டாட்டப் பெட்டியும் அங்கே உருவாயிற்று. அக்காலத்து நாகரிக ஆட்டமாகிய குவாட்ரில் நால்வர் ஆடுவது; எனவே பெரிய பெட்டிக்குள் ஆளுக்கொன்றாக நான்கு சிறு பெட்டிகள். சிறு பெட்டிகளில் பணத்திற்குப் பதிலாக வைத்தாடும் வில்லைகள். சீனத்துக் காண்டன் நகரில் முத்துச்சிப்பியில் மீன் வடிவமாக வெட்டிய வில்லைகள் கப்பலேறி வந்தன. ஆந்திரத்துத் தச்சர், ஆப்பிரிக்க அல்லது இந்திய யானை, சீனத்துச் சிப்பி, ஆங்கிலச் சீட்டு எல்லாம் ஒரே பெட்டியில் கூடின. இன்று அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்ப்பவர் அழகை வியப்பதோடு, தந்தம் கொடுத்த யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவ்வணிகம் இன்று நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது.

விளையாட்டுப் பொருளை உள்ளேயே வைத்து மூடும் பெட்டி நம் மகளிருக்கும் புதிதன்று. நடுவில் மடித்து மூடும் பல்லாங்குழிப் பலகையை அறியாதவர் யார்? ஆட்டம் முடிந்ததும் சோழிகளையும் புளியங்கொட்டைகளையும் எண்ணிக் குழிக்குள் இட்டுப் பலகையை மடித்தால் அதுவே பெட்டி. எண்ணிக்கை குறைந்தால் தரையெல்லாம் தேடுவர். தேடிக் கிடைத்த பிறகே பலகை மூடும்.

அரசர் கைகளில் கஞ்சிபா

ஆங்கிலச் சீட்டு வருமுன்பே இந்தியாவில் வேறொரு சீட்டு இருந்தது. அதன் பெயர் கஞ்சிபா. 1527இல் முகலாயப் பேரரசர் பாபர் சிந்து நாட்டு மன்னருக்குக் கஞ்சிபாச் சீட்டுகள் அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அக்பர் காலத்தில் 12 வகைகளில் 144 சீட்டுகள் கொண்ட ஆட்டத்தை அபுல் பசல் விவரிக்கிறார். முகலாயக் கஞ்சிபா பொதுவாக எட்டு வகையில் 96 சீட்டுகள். இந்து மன்னர்களின் நாடுகளில் திருமாலின் பத்து அவதாரங்களுக்கும் பன்னிரண்டு வீதம் 120 சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கஞ்சிபா வளர்ந்தது. பகலில் ஆடினால் இராமர் சீட்டை உடையவரும், இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டை உடையவரும் ஆட்டத்தைத் தொடங்குவர்.

கஞ்சிபா வட்டமானது. துணியைப் பல மடிப்பாகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, மெழுகிட்டு, வட்டமாக வெட்டி, ஒவ்வொன்றையும் கையால் வரைந்து, பின்புறம் அரக்குப் பூசுவர். அரசர்களுக்கு உரியது தர்பார் கலம்; அதில் தந்தமும் ஆமையோடும் உண்டு. மக்களுக்கு உரியது பஜார் கலம். இரண்டுக்கும் பெட்டி உண்டு. மராட்டியத்தின் தென்கோடியிலுள்ள சாவந்தவாடியில் அந்த மரப்பெட்டியின் மூடி பள்ளத்தில் நகர்ந்து திறக்கும். மூடியிலும் பக்கங்களிலும் பூக்களும் தெய்வ உருவங்களும் அரக்குப் பளபளப்போடு விளங்கும். கைவினையால் வந்த சீட்டில் ஒன்று தொலைந்தால் கடையில் வேறு வாங்க முடியாது, ஆட்டமே முடங்கிவிடும். ஆகவே 120ஐயும் எண்ணி அடுக்கிய பின்பே மூடியைத் தள்ளவேண்டும். பெட்டி ஆட்டத்தின் முடிவை அறிவித்தது.

நம் கடலூர் வட்டாரத்தைக் கலக்கிய மைசூர் நாட்டிற்கும் இக்கதையில் பங்குண்டு. ஹைதர் அலியின் படை சிதம்பரத்தைக் கைப்பற்றியிருந்ததும், 1781 சூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றதும் நாமறிந்தவை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் ஐந்து வயதுச் சிறுவர் ஒருவரை மைசூர் அரியணையில் அமர்த்தினர். அவரே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1831இல் ஆட்சிப் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. பெயரளவில் மன்னராக 1868 வரை வாழ்ந்த அவர், கலைகளிலும் விளையாட்டுகளிலும் மனத்தைச் செலுத்தினார். ஸ்ரீதத்துவநிதி என்னும் பெரும் சித்திர நூலின் இறுதிப் பகுதியில் புதிய சீட்டாட்டங்கள் பல விவரிக்கப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரியதற்கு 360 சீட்டுகள் வேண்டும். நாட்டை ஆள இயலாத அரசர், தெய்வங்களும் கோள்களும் நிறைந்த சிறிய உலகமொன்றைச் சீட்டுகளில் அமைத்து ஒழுங்குபடுத்தினார். இதைக் கண்டு நகைப்பதற்கில்லை. இழப்பின் வெறுமையைப் பலர் சூதாலும் குடியாலும் நிரப்ப முயல்கின்றனர். அவர் அழகால் நிரப்ப முயன்றார்.

அச்சிட்ட மலிவான சீட்டு வந்ததும் கஞ்சிபா மங்கியது. சாவந்தவாடியில் சிவராமராஜே போன்ஸ்லேயும் அவர் துணைவியார் சத்வசீலாதேவியும் முதிய கலைஞரிடம் அக்கலையைக் கற்று, அரண்மனையிலேயே தொழிற்கூடம் அமைத்து அதனைப் பிழைக்கச் செய்தனர். சாவந்தவாடிக் கஞ்சிபாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

புனிதர்களும் சீட்டும்

நம் திருச்சபை வரலாற்றிலும் சீட்டுக்கு இடமுண்டு. 1423இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் சியென்னா நகர்ப் புனித பெர்னார்தீன் சூதுக்கு எதிராக மறையுரையாற்றினார். மக்கள் சீட்டுகளைக் கொண்டுவந்து தீயிலிட்டனர். அப்போது சீட்டு வரைந்து பிழைத்த கைவினைஞர் ஒருவர், தம் பிழைப்பே போயிற்று என்று புனிதரிடம் அழுதாராம். புனிதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இயேசுவின் திருப்பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துகளைக் கதிரவன் ஒளிக்குள் வரைந்து காட்டி, இதை வரைந்து விற்பாயாக என்றார். அக்கைவினைஞர் முன்னிலும் நன்றாக வாழ்ந்தார் என்று மரபு கூறுகிறது. பாவத்தைக் கண்டித்தவர் அதில் பிழைத்த ஏழையின் அடுப்பையும் நினைத்தார் என்பதே இதில் என் உள்ளத்தைத் தொடுவது.

புனித கமில்லுஸ் தெ லெல்லிஸ் இளமையில் போர்வீரர். சூதில் தீராத வெறி கொண்டவர். 1574இல் நேப்பிள்ஸ் நகரில் மேற்சட்டையையும் இழந்து நின்றார். மறு ஆண்டில் மனந்திரும்பி, பின்னர் நோயாளருக்குப் பணிபுரியும் துறவற சபையைத் தொடங்கினார். இழந்த சட்டைக்குப் பதிலாக அவர் சபையினர் அணிந்த சிவப்புச் சிலுவை இன்றும் விளங்குகிறது.

புனித பிரான்சிஸ் சலேசியார் சீட்டையும் பகடையையும் கடுமையாகவே மறுத்தார். நல்ல விளையாட்டுகளை ஏற்றுக்கொண்ட அவர், அவற்றுக்கும் ஓர் எல்லை வகுத்தார். நேரம் மிகுந்தால் அது இளைப்பாறுதலாக இராது, தொழிலாகிவிடும். ஐந்தாறு மணி நேரம் சதுரங்கம் ஆடியவன் களைத்தே எழுவான் என்பது அவர் கருத்து. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் சீட்டாட்டம் தன்னளவில் நீதிக்கு முரணானதன்று என்கிறது. ஆனால் ஒருவருக்கோ அவரைச் சார்ந்தோருக்கோ வாழ்வுக்குத் தேவையானதை அது பறிக்கும்போது ஏற்கத்தகாததாகிறது என்றும், சூதின் வெறி மனிதனை அடிமைப்படுத்தும் என்றும் எச்சரிக்கிறது. நேரத்திற்கும் பணத்திற்கும் எல்லை வேண்டும் என்பதே இரண்டின் சாரம்.

மூடியில்லாத பெட்டி

நம் பகுதியில் துக்க வீட்டின் பந்தலில் இரவு விழித்திருக்க ஆண்கள் சீட்டாடுவது வழக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் வலைக் கொட்டகைகளிலும் ஆடுவர். அங்கே ஆட்டத்தைச் சுற்றி மனிதர் இருக்கின்றனர். வயதில் மூத்தவர் ‘போதும்டா, எழுந்திரு’ என்பார். வீட்டிலிருந்து பிள்ளை வந்து ‘அப்பா, அம்மா கூப்பிடுறாங்க’ என்று நிற்கும். விளக்கெண்ணெய் தீரும், விடியும், பெட்டி மூடும்.

இப்போது கைப்பேசிக்குள் ஒரு சீட்டுக்கட்டு வந்திருக்கிறது. அது நெளிவதில்லை, கிழிவதில்லை, அதில் ஒரு சீட்டும் தொலைவதில்லை. கரையான் அதை அரிப்பதில்லை. அது குடும்பத்தை அரிக்கிறது. எதிரே அமர்ந்து ஆடுபவரின் முகம் தெரியாது. ஏமாற்றினான் என்று கிளைவைப் போல எழுந்து நின்று குற்றம்சாட்டவும் வழியில்லை. நள்ளிரவில் போர்வைக்குள்ளும் ஆட்டம் நடக்கும். இணையவழி ரம்மியில் பணத்தை இழந்து, கடனில் மூழ்கி, உயிரையே மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் செய்திகளைத் தமிழகம் கண்டது. 2022இல் சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023இல் மீண்டும் நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி, அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் வேண்டும். அது வலிய மூடி. ஆனால் எத்தனை சட்டம் வந்தாலும் மூடியைத் தள்ளுவது ஒரு கைதான். அந்தக் கை பழகவேண்டிய இடம் வீடு. பல்லாங்குழியை எண்ணி மடித்த பாட்டியிடம் அப்பழக்கம் இருந்தது. பிள்ளைகளோடு அமர்ந்து விளையாடுங்கள். விளையாட்டை வெறுக்கக் கற்பிக்க வேண்டாம். விளையாடி முடிந்ததும் எண்ணி வைக்கவும், மூடவும், எழுந்து இரவுச் செபத்திற்கு வரவும் கற்பியுங்கள். கடன்பட்டு ஒளிந்திருக்கும் இளைஞனைக் கண்டால் பெர்னார்தீன் அக்கைவினைஞரை நடத்தியதுபோல நடத்துங்கள். பிடுங்கிய சீட்டுக்கு ஈடாக அவன் கையில் வேறொரு பணியைக் கொடுங்கள். சூதில் சட்டையையும் இழந்தவனைப் புனிதராக்கிய இறைவன் நம் வீட்டுப் பிள்ளையையும் கைவிடமாட்டார்.